ஈர்க்கு அளவு

கோல்ஃப் ஷூவை அற்புதமணியிடம் சொல்லாமலே வாங்கிவிடுவது என்று தேவபிரசாதம் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் கக்கூஸ். தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சிந்திக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அற்புதமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வயித்துக்குச் சரியில்ல. ஓமத் தண்ணி வச்சிருக்கேன். குடிங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல அற்புதம்.”

“குடிங்க.”

குடித்தார். முடிவு மாறவில்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் காலுக்கு வேண்டியதை அவள்தான் வாங்கினாள். கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு நாள், “காலத் தூக்கி வைங்க” என்பாள். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவுவாள். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்துப் பார்த்து, பட்டென்று ஒடிப்பாள். அந்த ஈர்க்கோடு கடைக்குப் போய் ஒரு ஜோடிச் செருப்போடு திரும்புவாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலின் சொந்தக்காரர் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அளவு போனால் போதும். வருகிற செருப்பு பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒருமுறை கறுப்பு வேண்டும் என்று அவர் வாய் திறந்தார். “பழுப்புல புழுதி தெரியாது” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அற்புதமணி கேள்வி கேட்கிறவள் அல்ல. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் வாயைவிட்டுப் போய்விட்டது, கட்டளை போகவில்லை. உயரமாக இருப்பாள். பாதங்களும் அதற்குத் தக்கவை. தேவபிரசாதத்தின் பாதம் சின்னது. அந்தச் சின்னப் பாதத்தின் மேல் நின்றுகொண்டு அவர் முப்பது வருஷமாக ஒரே வேடிக்கையைச் சொல்லிவந்தார். “ஒன் செருப்புல பாய் கட்டுனா கொழும்புக்கே போயிரலாம், ஏளா.” அவள் ஒருமுறையும் சிரித்ததில்லை. அதனால் அவருக்கு அது தீரவில்லை.

கப்பல் ஏஜென்சி ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்தவரை அவரை எல்லாரும் கேட்டார்கள். எந்தக் கப்பல் வெளியே நிற்கிறது, எந்த முத்திரை எந்தத் தாளில் விழ வேண்டும், கேப்டன் ஏன் கோபமாக இருக்கிறான். கேள்விகள் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றன. தை மாசம் ஓய்வு பெற்றார். மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடிகாரத்தைக்கூட மணி பார்க்க அற்புதமணிதான் பயன்படுத்தினாள்.

வீட்டுக்கு ஆட்கள் வராமல் இல்லை. வாசலில் சைக்கிள் நிற்கும், ரிக்‌ஷா நிற்கும். சபைப் பெண்கள் சங்கத்துக்கு அவள் காரியதரிசி. பனையோலைப் பெட்டிகள் பின்னுகிறவர்கள் வருவார்கள், வாங்குகிறவர்கள் வருவார்கள். தேவபிரசாதம் கேட்டைத் திறந்து, “உள்ள இருக்கா” என்பார். சில மாசமாக ஒரு ஜீப்பும் வந்தது. அதிலிருந்து கட்டம் போட்ட சேலையோடு ஒரு வடக்கத்தி அம்மா இறங்கி, “டீச்சர்?” என்பாள். அவர் உள்ளே கை காட்டுவார். அதை அவர் கேள்விக் கணக்கில் சேர்க்கவில்லை. பிலாயிலிருந்து மகன் எழுதும் கடிதம்கூட ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்றுதான் தொடங்கும். கடைசியில், ஓரத்தில் இடம் இருந்தால், அப்பாவுக்கும் சொல்லவும்.

இந்த நிலைமையில்தான் ஒரு சாயங்காலம் சான்யால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கடற்கரைச் சாலையில் பழைய துறைமுகத்தைப் பார்த்த சிமெண்ட் பெஞ்சு. சான்யால் புதுத் துறைமுகத்தில் இன்ஜினியர், வங்காளி. ஆபீஸ் நாட்களில் பார்த்துத் தலையசைத்த பழக்கம். இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்கள். பிறகு சான்யால் இங்கிலீஷில் கேட்டார்.

“நீங்கள் கோல்ஃப் ஆடுவீர்களா?”

“ஆடுவேன்” என்றார் தேவபிரசாதம்.

அவர் கோல்ஃப் மட்டையைப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அது ஒரு கேள்வி. அவரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. முத்துக் குளிப்பீர்களா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

சான்யால் மகிழ்ந்துபோனார். துறைமுகத்துக்குத் தெற்கே, உடைமரங்களுக்கு அப்பால் உள்ள பொட்டலில் ஒன்பது குழி வெட்டியிருக்கிறார்களாம். சனிக்கிழமை காலையில் நாலு பேர் ஆடுவார்கள். அவர், அவர் மனைவி, டாக்டர் எஸ்றா, ஒரு கப்பல் கேப்டன். கேப்டனுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிவிட்டது. நாலாவது ஆள் இல்லாமல் ஆட்டம் ருசிக்கவில்லை. ஒரே ஓர் இடம் காலி.

“மட்டை நான் தருகிறேன். ஷூ மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அங்கே ஓடைத் தண்ணீர் ஏறும். சொதசொதவென்று இருக்கும். தண்ணீர் புகாத ஷூ வேண்டும். காலுக்குச் சுகமாகவும் இருக்க வேண்டும், காலை முழுக்க நடை. சாதாரண ஷூவோடு யாரையும் நான் சேர்ப்பதில்லை. போன வருஷம் ஒருவர் சேற்றில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.”

தேவபிரசாதம் வீட்டுக்கு நடந்து போனார். சனிக்கிழமை காலையில் ஓரிடத்தில் மூன்று பேர் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அந்த நினைப்பில் வீட்டைத் தாண்டி இரண்டு வீடு போய்விட்டார்.

அற்புதமணியிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியும். ஈர்க்கு வரும். பழுப்பு வரும். “இந்த வயசுல கம்பெடுத்து பந்தடிக்க வேண்டாம்” என்று வரும். அதனால்தான் கக்கூஸ், தாழ்ப்பாள், முடிவு.

மறுநாள் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் செருப்புக் கடைக்குப் போனார்.

“வாங்க சார். டீச்சர் வரலியா?”

“எனக்குத்தான் வாங்கணும்.”

“ஈர்க்கு?”

“காலே வந்திருக்கு, அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் மேஜைக்கு மேலாக எட்டி, வந்திருந்த காலை மரியாதையாகப் பார்த்தார்.

“என்ன செருப்பு காட்டட்டும்?”

“கோல்ஃப் ஷூ.”

“அது எந்த ஊர்க் கம்பெனி?”

“கம்பெனி இல்ல, விளையாட்டு. கம்பால பந்த அடிச்சு குழில போடணும்.”

“கோலிக்குண்டா?”

“அது மாதிரிதான். பெரியவங்க ஆடுதது.”

“அதுக்கு ஷூ எதுக்கு சார்?”

“பந்து போற எடத்துக்கெல்லாம் நாமளும் நடந்து போகணும்.”

“எடுத்தாற ஆளு கிடையாதா?”

“எடுக்கப் போறதில்ல. அங்கன இருந்து திரும்ப அடிக்கப் போறது.”

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். “சரி. வேற என்ன வேணும்?”

“தண்ணி உள்ள போகக் கூடாது.”

“குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு சார் இது. ஷூவுக்குள்ள எங்கன இருந்து வரும்?”

“அடியில ஆணி இருக்கணும்.”

“ஆணி வெளிய நீட்டுதுன்னு ரிப்பேருக்குக் கொண்டாருவாங்க. நீங்க ஆணியோட கேக்குதீங்க.”

“புல்லுல வழுக்காம இருக்கதுக்கு.”

“புல்லு எங்கன இருக்கு?”

தேவபிரசாதம் கடைக்கு வெளியே தெருவைப் பார்த்தார். “இங்க புல்லு இல்ல” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா ஆணி வேணும்.”

மீன் கிடங்கு ஆட்கள் போடுகிற முழங்கால் ரப்பர் பூட்சை அண்ணாச்சி எடுத்து வைத்தார். தண்ணீர் புகாது. தேவபிரசாதம் அதில் நின்று பார்த்தார். உள்ளே அவர் பாதி காணாமல் போனார். அடுத்து கான்வாஸ். சுகமாக இருந்தது. “இதுல தண்ணி?” என்று கேட்டார். “தண்ணிய நல்லா உறிஞ்சும் சார்” என்றார் அண்ணாச்சி, நல்ல குணத்தைச் சொல்வதுபோல. பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ கடித்தது. போலீஸ் பூட்சில் ஆணி இருந்தது, ஆனால் அதைப் போட்டதும் அவருக்கே பயமாக இருந்தது.

கடைசியில் அண்ணாச்சிதான் வழி சொன்னார். “இது வெள்ளக்காரன் சாமான். கொழும்புல கெடைக்கும். பர்னபாஸ் தண்டல் தோணி வெள்ளிக்கிழமை பொறப்படுது. வெங்காயம் ஏத்திட்டுப் போறாரு. அவர்ட்ட ஈர்க்கக் குடுத்துவிடுங்க.”

“நம்பர் சொன்னாப் போதாதா? ஆறாம் நம்பர்.”

“நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சார். ஈர்க்கு மாறாது.”

கடையைவிட்டு இறங்கும்போது தேவபிரசாதத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒரே காலையில் இத்தனை கேள்வி. திரும்பிப் போய் ஷூவுக்குக் கயிறு எத்தனை முழம் வரும் என்று விசாரித்தால் இன்னும் இரண்டு கேள்வி கிடைக்கும் என்று தோன்றியது. அடக்கிக்கொண்டார்.

தன் காலைத் தானே அளப்பது சுலபமான காரியம் அல்ல. குனிந்தால் பெருவிரல் மடங்கியது. நிமிர்ந்தால் ஈர்க்கு நகர்ந்தது. அற்புதமணி சங்கத்துக்குப் போயிருந்த நேரத்தில் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்து, ஒருவழியாக ஒடித்தார். அதை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. பாமாலைப் புத்தகம், அவள் கைபடும். சட்டைப்பை, அவள் துவைப்பாள். அலமாரி, சாவி அவளிடம். ஆணியில் குடை தொங்கியது. ஊரில் மழை பெய்கிற நாட்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியும். ஈர்க்கைக் குடைக்குள் செருகிவிட்டு, ஆபீஸ் நாட்களின் அமைதியோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குடை பக்கத்து ஆணியில் தொங்கியது. அவசரமாக அதை எடுத்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஈர்க்கு இருந்தது.

“பர்னபாஸ் தண்டல் நாளைக்கு கொழும்பு போறாராம்” என்றாள் அற்புதமணி, அரிசியில் கல் பொறுக்கியபடி.

“அப்படியா.”

“காத்து நல்லா இருக்காம். சீக்கிரம் வந்துருவாராம்.”

“சங்கத்துக்கு எதும் வாங்கிட்டு வரச் சொல்லணுமா?”

“சொல்லியாச்சு” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய துறைமுகத்தில், தோணியை ஓட்டும் தண்டல் பர்னபாஸ் ஈர்க்கை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எழுபது வயசுக்குப் பக்கம் இருக்கும். பிறந்ததிலிருந்து செருப்புப் போடாதவர். பலகை மாதிரிப் பாதம்.

“நல்ல வளத்தியா இருக்கே சார்.”

“யாரு?”

“ஈர்க்கச் சொன்னேன்.” தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

தோணி திரும்புவதற்குள் தேவபிரசாதம் பயிற்சியைத் தொடங்கினார். கொல்லைப்புறத்தில் குடையைத் தலைகீழாகப் பிடித்து எலுமிச்சங்காயை அடித்தார். முதல் அடி காற்றில் போனது. இரண்டாவது அடியில் குடை விரிந்தது. மூன்றாவதில் காய் பறந்து பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். பார்த்தவர் யாரும் இல்லை. அது ஒரு நல்ல அடி. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உள்ளே சங்கத்துப் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜீப்பில் வருகிற அம்மா ஏதோ தமிழ் வார்த்தையைத் தப்பாகச் சொல்ல, அற்புதமணி, “திரும்பச் சொல்லுங்க” என்று டிரில் குரலில் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா யார் என்று அவர் யோசித்ததில்லை. குடையைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

தோணி வந்தது. பலகையில் இறங்கிவந்த பர்னபாஸைக் கரையில் இருந்த சுமைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேலே தலைப்பாகை. இடுப்பில் கட்டிய சாரம். கீழே பழுப்பும் வெள்ளையுமாக, முன்புறம் தோல் குஞ்சம் தொங்க, ஒரு ஜோடி கோல்ஃப் ஷூ. ஒவ்வொரு எட்டுக்கும் பலகையில் ஆணி இறங்கி ஏறியது.

“கால்ல போட்டு எறங்கினா சுங்கத்துல கேக்க மாட்டான் சார்” என்றார் கிட்டே வந்ததும். “ஒருத்தன் கேட்டான், ஏலே தண்டலு, இது என்னன்னு. சேத்துப் புண்ணுக்கு டாக்டர் போடச் சொன்னதுன்னேன். விட்டுட்டான்.”

“தண்ணி எறங்குதா?”

“தோணிக் கிடங்குத் தண்ணில ஒரு நாழி நின்னு பாத்தேன். வெளித் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகல. அப்புறம் மேல இருந்து ஒரு அலை அடிச்சு உள்ள ரொம்பிட்டு.”

“அய்யோ.”

“அதுலயும் ஒரு சொட்டு வெளிய போகல. அருமையான ஷூ சார்.”

“சுகமா இருந்துச்சா?”

பர்னபாஸ் அதை நேர்மையாக யோசித்தார். “ஷூ சுகமாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் முடியல.”

ஓலைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உடன்குடிக் கருப்பட்டிப் பானைக்குள் இறக்கி, மேலே பனையோலைத் தட்டைப் போட்டு மூடினார். அற்புதமணி சங்கத்துக்குப் போன பிறகு எடுத்து, எறும்பைத் தட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தார். பின்னால் இரண்டு விரல் இடம் இருந்தது. முன்னால் இன்னொரு கால் வைக்கலாம்.

ஈர்க்கு மாறாது. அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஷூதான் மாறியிருக்கிறது. பர்னபாஸின் பலகைப் பாதம் நினைவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து தூத்துக்குடிவரை அந்தக் காலைத் தாங்கிவந்த தோல் விரியாமல் என்ன செய்யும். காரணம் கிடைத்ததும் தேவபிரசாதத்துக்கு நிம்மதியாகிவிட்டது. தன் தலையணையின் ஓரத்தைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்து ஷூவின் முன்பக்கம் அடைத்தார். இப்போது நின்றது.

துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் விட்டு, ஷூவோடு உள்ளே இறங்கி நின்றார். சுற்றிலும் தண்ணீர். கால் மட்டும் காய்ந்திருந்தது. தண்ணீருக்கு நடுவில் நின்றும் ஒரு ஈரமும் தன்னைத் தொடாமல் இருப்பது வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தது. மத்தியான வெயிலில் வெகுநேரம் அப்படியே நின்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அற்புதமணி சொன்னாள், “இந்த வருஷக் கருப்பட்டில தோல் வாசம் அடிக்குது.”

“உடன்குடிக்காரன் ஏமாத்திட்டான்.”

“உடன்குடிக்காரன் ஏமாத்த மாட்டான்” என்றாள். “தலையணையும் எளச்சுட்டு.”

பேச்சை மாற்ற இதுதான் சமயம் என்று தேவபிரசாதம் நினைத்தார். “சனிக்கிழமை காலைல நான் நடக்கப் போறேன். டாக்டர் எஸ்றா நடக்கச் சொல்லிருக்காரு. நீண்ட நடை. மத்தியானம் ஆயிரும்.”

எதிர்க்கட்டளைக்காகக் காத்திருந்தார். சங்கத்து வேலை இருக்கிறது என்பாள், வெயில் என்பாள்.

“போயிட்டு வாங்க” என்றாள் அற்புதமணி.

இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது நோய் சொல்லியிருக்கலாம். படுக்கையில், இளைத்த தலையணையில், அவருக்கு மனசு கொஞ்சம் கனத்தது. எங்கே, யாரோடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் தயாராக வைத்திருந்தார். அதைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் ஐப்பசி மழை அடித்தது. சனிக்கிழமை விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. சைக்கிள் கைப்பிடியில் ஓலைப்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு தேவபிரசாதம் புறப்பட்டார். உடைமரங்களைத் தாண்டியதும் பொட்டல். பாதி தண்ணீர், பாதி களிமண். நடுநடுவே எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல் வட்டங்கள். அதன் நடுவில் குழி, கொடிக்கம்பு. தூரத்தில் கடல். சான்யாலும் டாக்டர் எஸ்றாவும் நின்றிருந்தார்கள்.

“வாங்க சார்” என்றார் எஸ்றா. “நான் சொல்லாத வைத்தியத்தையெல்லாம் ஒழுங்காச் செய்யுதீங்களாமே.”

தேவபிரசாதம் அதைக் காதில் வாங்கவில்லை. மேட்டில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். சான்யால் குனிந்து பார்த்தார்.

“பிரமாதம்! எங்கே பிடித்தீர்கள் இதை?”

கேள்வி. தேவபிரசாதம் எழுந்து நின்று பதில் சொன்னார். கொழும்பு, தோணி, தண்டல், சுங்கம். இருவரும் சிரித்தார்கள். அவர் சொல்லி இரண்டு பேர் சிரித்து எத்தனை காலமாயிற்று. சான்யால் மட்டையைக் கையில் கொடுத்தார். பந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. தேவபிரசாதம் நடந்தார்.

முதல் எட்டு சரியாக விழுந்தது. இரண்டாவது எட்டில் களிமண் ஷூவைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது எட்டை எடுத்து வைத்தது ஷூ இல்லை, வெறும் கால்தான். ஒற்றைக் காலில் நின்று சமாளித்தார். மட்டையை ஊன்றினார். மட்டையும் இறங்கியது. இன்னொரு கால் வழுக்கி ஓடைத் தண்ணீருக்குள் போய் நின்றது. தண்ணீர் மேல்வழியாக ஷூவுக்குள் இறங்கியது. இறங்கியதில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. பஞ்சு ஊறி உப்பி, கணுக்கால் ஓரமாக வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

சான்யாலின் முகத்தில் போன வருஷத்து இடுப்பு தெரிந்தது. “அளவு சரியில்லை” என்றார் மெதுவாக. “மன்னிக்க வேண்டும். இந்த ஷூவோடு நான் உங்களை ஆடவிட முடியாது.”

அப்போதுதான் ஜீப் வந்தது. கட்டம் போட்ட சேலையோடு ‘டீச்சர்?’ அம்மா இறங்கினாள். சான்யாலைப் பார்த்து வங்காள மொழியில் ஏதோ சொன்னாள். பெண்டாட்டி பேசுகிற மாதிரிதான் இருந்தது. மறுபக்கக் கதவு திறந்தது. முதலில் ஒரு குடை வந்தது. பின்னால் அற்புதமணி வந்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். பழைய டிரில் விசில் கழுத்தில் தொங்கியது.

“நாலாவது ஆளைக் கொண்டுவந்துவிட்டேன்” என்றாள் மிசஸ் சான்யால் புதிதாகக் கற்ற தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.

சான்யால் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு தான் கூப்பிட்ட ஆளைப் பார்த்தார். ஒரே ஓர் இடத்துக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

அற்புதமணி களிமண்ணில் நின்ற ஷூவைக் குடைப் பிடியால் நெம்பி எடுத்தாள். அதற்குள் இருந்ததை வெளியே இழுத்துப் பிழிந்தாள்.

“இது என் வீட்டுத் தலையணை.”

“அற்புதம்…”

“அந்தக் காலத் தூக்குங்க.”

தூக்கினார். அடுத்த ஷூவும் வந்தது. அவள் மேட்டில் உட்கார்ந்து, ஷூவுக்குள் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து, உள்ளும் புறமும் துடைத்து, காலை உள்ளே விட்டாள். இடது, வலது. கயிற்றை இழுத்துக் கட்டி எழுந்து நின்றாள். பின்னால் ஒரு நூல் இடம் இல்லை. முன்னால் ஒரு நூல் இடம் இல்லை. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் தைத்த மாதிரி இருந்தது.

தேவபிரசாதம் ஷூவைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்.

“ஈர்க்கு” என்றார்.

“ஊர்ல மழைக்கு ஒருத்தரும் குடை எடுக்க மாட்டாங்க. வெயிலுக்கு நான் தெனமும் எடுக்கேன். அது ஒங்களுக்குத் தெரியல.” அவள் விரல்களை ஷூவுக்குள் அசைத்துப் பார்த்தாள். “அண்ணாச்சி கடைக்கு இதே ஷூவத் தேடித்தான் போனேன். ‘சார் நேத்துதான் கேட்டுட்டுப் போனாங்க, கொழும்புல இருந்து வரணும்’னு அண்ணாச்சி சொன்னாரு. திரும்பி வாரேன், குடைய விரிச்சேன், ஒங்க ஈர்க்கு தலைல விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து எங்காலுக்கு ஒண்ணு ஒடிச்சு அதே எடத்துல வச்சேன். தோணி எப்பிடியும் ஒரு ஜோடிக்குத்தான் போகுது.”

டாக்டர் எஸ்றா திரும்பி நின்று இருமினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்றார் தேவபிரசாதம். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“நீங்களும் சொல்லல” என்றாள். கோபம் இல்லை, வருகைப் பதிவு எடுப்பது போல. “அந்த அம்மா மூணு மாசமா வீட்டுக்கு வாராங்க. யாரு, எந்த ஊரு, எதுக்கு வாராங்கன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. நீங்க கேக்குற ஆளுன்னா நான் சொல்லுற ஆளுதான்.”

தேவபிரசாதம் குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்காலின் விரல்களுக்கு நடுவே களிமண் ஏறிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியாக, ஒருவகையில் சுகமாகத்தான் இருந்தது.

“நான் வீட்டுக்குப் போறேன்” என்றார்.

“போக வேண்டாம். இங்கன நில்லுங்க.” குடையை அவர் கையில் கொடுத்தாள். “பந்து தூரமா போகும். வயசாயிட்டு, எனக்குத் தூரத்துல விழுதது தெரியாது. ஒங்க கண்ணு நல்ல கண்ணு. பாத்துச் சொல்லுங்க.”

மட்டையை வாங்கிக்கொண்டு நடந்தாள். களிமண்ணில் ஆணி இறங்கியது, ஏறியது. ஒரு எட்டும் பிசகவில்லை. தண்ணீரைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே போனாள். முப்பது வருஷமாகத் தோணி என்று அவர் சொல்லிவந்த பாதங்கள் இரண்டும் ஈரம் தெரியாமல் தண்ணீரைக் கடந்தன. மிசஸ் சான்யால் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். அற்புதமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவர் பல நாள் கேட்டிருக்கிறார். அப்போது முகம் எப்படி இருக்கும் என்பதை இப்போதுதான் பார்த்தார்.

அவள் கால்களை அகட்டி ஊன்றினாள். முன்பாதம் திரும்பியது, குதிகால் எழுந்தது, தோல் மடங்கி விரிந்தது. குஞ்சம் ஒரு துள்ளல் துள்ளி அடங்கியது. நல்ல ஷூ. அவர் தேர்ந்தெடுத்தது.

‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பொட்டல் அமைதியாக இருந்தது. நாலு பேரும் நெற்றியில் கை வைத்துத் தூரத்தைப் பார்த்தார்கள். பிறகு நாலு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“ஏங்க, பந்து எங்கன விழுந்துச்சு?” என்று கேட்டாள் அற்புதமணி.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. தேவபிரசாதம் வாயைத் திறந்தார்.

பந்து பறந்தபோது அவர் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.